தாய்மாரின் தோழி எலினார் ராத்போன் அம்மையார்

தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லையா? சாக்கடை அடைத்துக்கொண்டதா? முதியவர் ஒருவருக்கு வரவேண்டிய உதவித்தொகை நின்றுவிட்டதா? மக்கள் முதலில் போய் நிற்பது தங்கள் வார்டு கவுன்சிலரின் வாசலில்தான். அங்கே கவுன்சிலரைக் காண்பதற்கு முன்பாகவே ஓர் உதவியாளர் இருப்பார். மனுவை வாங்கிப் படிப்பார்; பெயரையும் முகவரியையும் குறித்துக்கொள்வார்; எந்த அலுவலகத்திற்கு எந்தத் தாளை எடுத்துச் செல்லவேண்டும் என்று சொல்லித் தருவார். அவருடைய பெயர் எந்தக் கல்வெட்டிலும் ஏறுவதில்லை. ஆனாலும் ஏழை எளியவரின் துயரம் அரசின் காதில் விழுவதற்கு அந்த மேசைதான் முதற்படி.

அந்த மேசையின் அருமையை நன்கு அறிந்தவர் எலினார் ராத்போன் அம்மையார். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரசபையில் முதற்பெண் உறுப்பினராக அமர்ந்தவர் இவர். வீடு வீடாகச் சென்று எழுதிய குறிப்புகளிலிருந்து ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றிய பெருமாட்டியின் வரலாற்றை மாணவியராகிய நாம் அறிந்துகொள்வது நலம்.

பிறப்பும் குடும்பமும்

எலினார் 1872ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். அவருடைய குடும்பத்தார் பல தலைமுறைகளாக லிவர்பூல் துறைமுகத்தில் வணிகம் செய்தவர்கள். அடிமை வியாபாரத்தால் செழித்த அந்நகரிலேயே அதனை எதிர்த்துக் குரல் கொடுத்த குடும்பம் என்ற நற்பெயர் அவர்களுக்கு உண்டு. தந்தை வில்லியம் ராத்போன் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர்.

தந்தையார் செய்த ஓர் அருஞ்செயலை இங்கே சொல்லவேண்டும். 1859ஆம் ஆண்டில் அவருடைய முதல் மனைவி நோயுற்று மாண்டார். அவரை வீட்டிலிருந்தே பராமரிக்க மேரி ராபின்சன் என்ற தாதி அமர்த்தப்பட்டிருந்தார். செல்வர் வீட்டு நோயாளிக்கே தாதியின் துணை இவ்வளவு ஆறுதல் தருமானால், ஏழைக் குடிசையில் கிடக்கும் நோயாளிக்கு எவ்வளவு ஆறுதல் தரும் என்று அவர் எண்ணினார். அதே தாதியை ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பி வைத்தார். பின்னர் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் ஆலோசனையைப் பெற்று, தாதியர் பயிற்சிப் பள்ளி ஒன்றை லிவர்பூலில் ஏற்படுத்தினார். வீடு தேடிச் செல்லும் தாதியர் முறை இங்கிலாந்தில் இவ்வாறுதான் வேரூன்றியது. ஒரு வீட்டில் கண்ட துன்பத்திலிருந்து ஊருக்கெல்லாம் ஒரு வழி காண்பது என்னும் இப்பாடத்தைத்தான் மகளும் தம் வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்தார்.

எலினார் ஆக்ஸ்போர்டில் பெண்களுக்கென இருந்த சோமர்வில் கல்லூரியில் 1893ஆம் ஆண்டு சேர்ந்து பழைய கிரேக்க, இலத்தீன் நூல்களையும் தத்துவத்தையும் கற்றார். மூன்றாண்டுகள் படித்துத் தேர்வு எழுதியும் பட்டம் கிடைக்கவில்லை. பெண்களுக்குப் பட்டம் வழங்க அப்பல்கலைக்கழகம் 1920ஆம் ஆண்டில்தான் முன்வந்தது! செல்வக் குடும்பத்துப் பெண் என்பதால் அவர் பிழைப்புக்காக உழைக்க வேண்டியதில்லை. எனினும் லிவர்பூலுக்குத் திரும்பியதும் ஏழைகளுக்கு உதவும் சங்கம் ஒன்றில் சேர்ந்து, வீடு வீடாகச் சென்று விசாரிக்கும் தொண்டராகப் பணியாற்றினார்.

துறைமுகத்துக் குடும்பங்கள்

அக்காலத்தில் லிவர்பூல் உலகின் பெரிய துறைமுகங்களுள் ஒன்று. கப்பலில் மூட்டை ஏற்றி இறக்கும் தொழிலாளர்களுக்கு நிலையான வேலை கிடையாது. காலையில் ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை துறைமுக வாயிலில் கூட்டமாக நிற்பார்கள். மேஸ்திரி வந்து கைகாட்டியவர்களுக்கு மட்டும் அரைநாள் வேலை. மற்றவர்கள் வெறுங்கையுடன் திரும்பவேண்டும்.

இந்த முறையை எலினார் நேரில் சென்று ஆராய்ந்து அறிக்கை எழுதினார். அத்துடன் நின்றுவிடவில்லை. அத்தொழிலாளரின் மனைவியர் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று அறிய விரும்பினார். வாரந்தோறும் வந்த பணம் எவ்வளவு, ரொட்டிக்கு எவ்வளவு, வாடகைக்கு எவ்வளவு, அடகுக் கடைக்கு எவ்வளவு என்று அப்பெண்களின் கணக்குகளைக் கேட்டு எழுதி வாங்கினர் தொண்டர்கள். 1909ஆம் ஆண்டு அந்த ஆய்வு நூலாக வெளிவந்தது.

அக்கணக்குகளில் ஓர் உண்மை தெளிவாயிற்று. கணவன் எவ்வளவு சம்பாதித்தான் என்பது மனைவிக்குத் தெரியாது. அவன் மனமுவந்து கொடுத்ததே அவளுக்கு வருமானம். மணமாகாத இளைஞனுக்கும் ஆறு குழந்தைகளின் தந்தைக்கும் ஒரே கூலிதான். குழந்தைகள் பிறக்கப் பிறக்க முதலில் குறைவது தாயின் தட்டிலுள்ள உணவுதான். இதனை எலினார் ஒருபோதும் மறக்கவில்லை.

இப்பணிகளில் அவருக்குத் துணையாக வாய்த்தவர் எலிசபெத் மெக்காடம் என்ற ஸ்காட்லாந்து நாட்டு மாது. எவர்ட்டன் பகுதியின் ஏழைத் தெருக்களுக்கு நடுவே பெண்கள் தங்கித் தொண்டு செய்யும் விக்டோரியா இல்லம் என்று ஒன்று இருந்தது. அதன் பொறுப்பாளராக மெக்காடம் வந்தார். எலினார் அதன் செயலாளராக இருந்தார். இரக்கம் மட்டும் போதாது, தொண்டு செய்பவருக்கு முறையான பயிற்சியும் வேண்டும் என்பது இருவரின் கருத்து. சட்டம் தெரியாமல் ஆறுதல் சொன்னால் பசி தீருமா? விதவைக்கு என்ன உரிமை, வாடகைதாரருக்கு என்ன பாதுகாப்பு, எந்த அதிகாரிக்கு எழுதவேண்டும், எழுதியதற்கு எப்படிப் படி எடுத்து வைக்கவேண்டும் என்பனவெல்லாம் கற்க வேண்டியவை அல்லவா? லிவர்பூல் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து சமூகத் தொண்டர்களுக்குப் பயிற்சி தரும் வகுப்புகள் உருவாக இவ்விருவரும் உழைத்தார்கள். இவர்களின் நட்பு எலினாரின் இறுதிநாள் வரை நீடித்தது.

நகரசபையில் ஒரு பெண்

1907ஆம் ஆண்டு வந்த ஒரு சட்டம் பெண்கள் நகரசபைகளில் உறுப்பினராகலாம் என்று வழிவிட்டது. 1909ஆம் ஆண்டு கிரான்பி வார்டில் எலினார் போட்டியிட்டு வென்றார். எந்தக் கட்சியையும் சாராத சுயேச்சை உறுப்பினராக நின்றார். அப்படியே கால் நூற்றாண்டுக் காலம் அந்த வார்டின் உறுப்பினராகத் தொடர்ந்தார். வியப்பு என்னவென்றால், நகரசபையில் அமர்ந்து சட்டதிட்டம் வகுத்த அவருக்குப் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை 1918ஆம் ஆண்டு வரை இல்லை!

நகரசபையில் அவர் மிகுதியாகப் பேசியது வீடுகளைப் பற்றி. காற்றும் வெளிச்சமும் புகாத சந்துகளில் குடும்பங்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. நல்ல வீடு கட்டிக் கொடுத்தாலும் வாடகை கூடிவிடும். வாடகை கூடினால் குழந்தைகளின் உணவு குறைந்துவிடும். ஆகவே பிள்ளைகள் அதிகமுள்ள குடும்பத்திற்கு நகரசபை வீட்டு வாடகையைக் குறைக்கவேண்டும் என்று வாதாடினார்.

விதவைகளின் நிலையையும் அவர் விட்டுவைக்கவில்லை. அந்நாளில் கணவனை இழந்த ஏழைப் பெண் வறியோர் சட்டத்தின்கீழ் உதவி கேட்டு அதிகாரிகள் முன் நிற்கவேண்டும். கிடைப்பது சொற்பம், அதற்காகக் கேட்கவேண்டிய கேள்விகளோ ஏராளம். இதனை ஆராய்ந்து 1913ஆம் ஆண்டு எலினார் அறிக்கை வெளியிட்டார். விதவைக்கு உதவி பிச்சையாக வரக்கூடாது, உரிமையாக வரவேண்டும் என்பது அவருடைய துணிபு. 1925ஆம் ஆண்டு இங்கிலாந்தில் விதவைகளுக்கு ஓய்வூதியம் சட்டமாயிற்று.

போர்க்காலப் பாடம்

1914ஆம் ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. ஆடவர் போர்முனைக்குச் சென்றார்கள். வீட்டில் இருந்த மனைவிக்கும் மக்களுக்கும் அரசு படிப்பணம் தருவதாகச் சொல்லிற்று. ஆனால் பணம் உரிய காலத்தில் வந்து சேரவில்லை. படைவீரர் குடும்பங்களுக்கு உதவும் சங்கத்தின் லிவர்பூல் கிளை எலினாரின் பொறுப்பில் வந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் வாசலில் நின்றார்கள். திருமணச் சான்று இல்லாதவர், கணவனின் படைப்பிரிவு தெரியாதவர், எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று பலவிதம். தொண்டர்களான பெண்கள் ஒவ்வொருவருக்கும் தாளை நிரப்பி, கடிதம் எழுதி, பதில் வரும்வரை வீடு தேடிச் சென்று விசாரித்து வந்தார்கள்.

இந்த வேலையின் நடுவே எலினார் புதுமை ஒன்றைக் கண்டார். படிப்பணம் நேராக மனைவியின் கைக்கு வந்தது. குழந்தைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடியது. துறைமுகக் கூலியை நம்பி வாழ்ந்த பல குடும்பங்களில் அப்போதுதான் முதன்முறையாக வாரந்தோறும் ஒரே அளவு பணம் தவறாமல் கிடைத்தது. பிள்ளைகளுக்குக் காலணியும் பாலும் வாங்க முடிந்தது. போர்க்காலத்தில் செய்ய முடிந்ததை அமைதிக் காலத்தில் ஏன் செய்யக்கூடாது? இக்கேள்வியே அவருடைய வாழ்க்கையின் இலட்சியமாயிற்று.

போர் முடிந்தபின் 1919ஆம் ஆண்டில் டாரதி கீலிங் என்ற அம்மையாருடன் சேர்ந்து லிவர்பூலில் தனிமனிதருக்கு உதவும் சங்கம் ஒன்று உருவாக அவர் துணைநின்றார். எந்தச் சிக்கலோடும் யாரும் அங்கே வரலாம். வந்தவரின் குறையைப் பொறுமையாகக் கேட்டு, வழிகாட்டி, கூடவே சென்று உதவுவதே அதன் வேலை.

1924ஆம் ஆண்டு எலினார் எழுதிய பெருநூல் வெளிவந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் அரசு உதவித்தொகை தரவேண்டும், அது தாயின் கையில் தரப்படவேண்டும் என்பது அதன் சாரம். எதிர்ப்பு நாலாபுறமும் எழுந்தது. இத்தொகையைக் காட்டி முதலாளிகள் கூலியைக் குறைத்துவிடுவார்கள் என்று தொழிற்சங்கத்தார் அஞ்சினர். குழந்தைகளுக்கு அரசு பணம் கொடுத்தால் தந்தையர் சோம்பேறிகளாகிவிடுவர் என்றனர் வேறு சிலர். அவர் தளரவில்லை.

இந்தியப் பெண்கள் கற்பித்தது

1929ஆம் ஆண்டு அவர் பாராளுமன்றத்துக்குச் சுயேச்சை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களின் பட்டதாரிகள் அவருக்கு வாக்களித்தனர். இக்காலத்தில் நம் நாட்டுப் பெண்களின் நிலையைப் பற்றிய ஒரு நூலைப் படித்து மனம் கலங்கினார். குழந்தை மணத்தை ஒழிக்கவேண்டும் என்று ஆர்வம் கொண்டு, அவ்வாண்டு அக்டோபரில் இலண்டனில் மாநாடு ஒன்றைக் கூட்டினார்.

அம்மாநாட்டில் எழுந்து நின்று மறுப்புச் சொன்னார் ஓர் இந்தியப் பெண்மணி. அவர்தாம் தன்வந்தி ராமாராவ். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று இராணி மேரிக் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தவர். இந்தியாவையே பாராதவர்கள் மேடையில் அமர்ந்து இந்தியப் பெண்களின் குறைகளைப் பேசுவது முறையா என்று அவர் துணிவுடன் கேட்டார். இந்தியப் பெண்கள் தங்கள் சீர்திருத்தத்தைத் தாங்களே செய்துவருகிறார்கள் என்பதையும் எடுத்துரைத்தார்.

லிவர்பூலில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கேட்டு எழுதிய அம்மையார், இந்தியா விஷயத்தில் கேட்பதற்கு முன்னே பேசிவிட்டார் என்றே சொல்லவேண்டும். அந்தக் கண்டனம் வீண்போகவில்லை. 1932ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவர் இந்தியாவுக்கு வந்து மாதர் சங்கத்தினரைச் சந்தித்தார். அதன் பின்னும் கருத்து வேற்றுமை தீர்ந்துவிடவில்லை. அகில இந்திய மாதர் மாநாட்டினர் வயது வந்த யாவருக்கும் வாக்குரிமை கேட்டனர். பெண்களுக்குத் தனி இடஒதுக்கீடு வேண்டாம் என்றனர். எலினாரோ முதலில் கிடைப்பதைப் பெற்றுக்கொள்வதே நலம் என்று கருதினார். பாராளுமன்றத்தில் இடைவிடாமல் போராடினார். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில் 60 இலட்சம் இந்தியப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. இந்தியப் பெண்கள் கேட்ட முழு உரிமை சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டத்தில்தான் வந்தது.

வீடிழந்தோரின் குரல்

ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி ஜெர்மனி, ஆஸ்திரியா, செக்கோஸ்லோவாகியா முதலிய நாடுகளிலிருந்து யூதர்களும் பிறரும் அடைக்கலம் தேடி அலைந்தனர். 1938ஆம் ஆண்டு அகதிகளுக்கான பாராளுமன்றக் குழு அமைந்தது. எலினார் அதன் செயலாளரானார். அகதிகளின் கடிதங்கள் மலைபோல் குவிந்தன. தாயைப் பிரிந்த மகன், அனுமதிச் சீட்டுக்காகக் காத்திருக்கும் கணவன், வேலை செய்ய உத்தரவு கேட்கும் மருத்துவர் என ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு குடும்பத்தின் உயிர் இருந்தது. எழுத்தர்கள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு வைத்துப் பதில் எழுதினார்கள். அக்கோப்புகளைச் சுமந்துகொண்டுதான் எலினார் அமைச்சர்களைத் தேடிப் போவார். பருத்த பையுடன் அவர் நடைக்கூடத்தில் வருவதைக் கண்டால் அமைச்சர்கள் தூணின் பின்னே ஒளிந்துகொள்வார்கள் என்று அவர் காலத்துப் பாராளுமன்றத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு!

1940ஆம் ஆண்டு போர் அச்சத்தில் பிரிட்டிஷ் அரசு சுமார் 27,000 அயல்நாட்டினரைக் காவலில் வைத்தது. அவர்களுள் பெரும்பாலோர் ஹிட்லருக்கு அஞ்சி ஓடிவந்தவர்களே. லிவர்பூலுக்கு அருகே ஹைட்டன் என்ற ஊரில், கட்டி முடியாத புதிய குடியிருப்பு ஒன்றைச் சுற்றி முள்வேலி போட்டு அங்கே பலரை அடைத்திருந்தனர். எலினார் நேரில் சென்று அவர்களைக் கண்டார். வயதானவர், நோயாளி, அறிஞர் என்று ஒவ்வொருவர் நிலையையும் பாராளுமன்றத்தில் எடுத்துரைத்து விடுதலை கேட்டார். நாடே பகைவரைக் கண்டு அஞ்சிய வேளையில் அயலார்க்காகப் பேசுவது எளிதன்று. ஐரோப்பாவில் அழிவின் விளிம்பில் நின்ற யூதர்களைக் காக்க அவர் விடுத்த வேண்டுகோள்களுள் பல நிறைவேறவில்லை. அத்துயரம் அவரை இறுதிவரை வாட்டியது.

தாயின் கையில் ஐந்து ஷில்லிங்

அவர் கால் நூற்றாண்டுக்கு மேல் கனவு கண்ட குழந்தை உதவித்தொகை மசோதா 1945ஆம் ஆண்டு பாராளுமன்றத்துக்கு வந்தது. முதற்குழந்தை நீங்கலாக ஒவ்வொரு குழந்தைக்கும் வாரம் 5 ஷில்லிங். தொகை அவர் எதிர்பார்த்ததைவிடக் குறைவுதான். ஆனால் அதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. மசோதாவின்படி அப்பணம் தந்தைக்கு உரியது!

தம் வாழ்நாள் உழைப்பு கனியும் வேளையில் வேறு யாராயினும் கிடைத்தது போதும் என்று வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். எலினார் எழுந்து நின்றார். பணம் தாய்க்கு என்று மாற்றாவிட்டால் இம்மசோதாவுக்கு எதிராகவே தாம் வாக்களிக்கப்போவதாக அறிவித்தார். பெண்களின் சங்கங்கள் அவருக்குத் துணைநின்றன. அரசு இறங்கிவந்து, உறுப்பினர்கள் தம் விருப்பப்படி முடிவு செய்யலாம் என்றது. சபை தாயின் பக்கம் நின்றது. 1945 ஜூன் மாதம் சட்டம் நிறைவேறியது.

1946ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் எலினார் ராத்போன் அம்மையார் திடீரெனக் காலமானார். அவ்வாண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, பிரிட்டன் முழுவதும் தாய்மார்கள் தபால் அலுவலகங்களுக்குச் சென்று முதன்முறையாக அத்தொகையைப் பெற்றுக்கொண்டார்கள். அக்காட்சியைக் காண அம்மையார் இல்லை. பின்னர் 1977ஆம் ஆண்டு முதல் மூத்த குழந்தைக்கும் உதவித்தொகை விரிவாக்கப்பட்டது.

நாம் கற்கவேண்டியது

எலினார் அம்மையாரிடம் செல்வமும் கல்வியும் இருந்தன. ஆனால் அவருடைய வெற்றிக்கு மூலமாக அமைந்தவை லிவர்பூல் தெருக்களில் எழுதப்பட்ட சிறு குறிப்புகள். ஒரு தாயின் வாரக் கணக்கு, ஒரு விதவையின் மனு, ஓர் அகதியின் கடிதம் ஆகிய இவற்றை ஒருவர் கேட்டு எழுதியிராவிட்டால் பாராளுமன்றத்தில் பேசுவதற்கு அவரிடம் என்ன இருந்திருக்கும்? வீட்டு வாசலில் நின்று எழுதிய பெண்களும், இரவு வெகுநேரம் பதில் கடிதம் எழுதிய எழுத்தர்களும் அந்த ஐந்து ஷில்லிங்கில் பங்குடையவர்கள்.

மாணவியரே, நம்முள் சிலர் நாளை கவுன்சிலர்களாகலாம். பலர் அலுவலகங்களில் எழுத்தர்களாகவும் உதவியாளர்களாகவும் அமரலாம். அப்போது நம் மேசைக்கு முன் ஒரு தாய் கசங்கிய தாளுடன் வந்து நிற்பாள். நாளை வா என்று அனுப்பிவிடுவது எளிது. அவள் சொல்வதை முழுவதும் கேட்டு, சரியாக எழுதிக்கொண்டு, அவளுக்குப் பதில் கிடைக்கும்வரை ஓயாதிருப்போம். அவளைப் போலவே பத்துப் பேர் வந்தால், அவர்களை அலைய வைக்கும் விதி எது என்று தேடிப் பார்ப்போம். எலினார் அம்மையார் நமக்குக் காட்டிச் சென்ற நெறி இதுவே.